வாடகைக்கு ஒரு தட்டு

“தம்பி, உங்க கிட்டார் ட்ராக்கைத்தான் இப்ப சவாசனத்துக்குப் போடறேன். எல்லாரும் அருமையாத் தூங்கிடறாங்க.”

கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அக்கா இதைச் சொன்னார். பாராட்டுத்தான், முகம் மலர்ந்துதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. பார்த்துப் பார்த்து பிரியாணி போட்டவனிடம் வந்து ‘பத்தியத்துக்கு நல்லா இருக்கு’ என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அக்கா இங்கே சாட்ஸ்வொர்த்தில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் யோகா சொல்லிக்கொடுக்கிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த நாலாவது தலைமுறை. வீட்டில் ஆங்கிலம்தான். ஆனால் என்னைப் போல ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்களைப் பார்த்துவிட்டால் விடாப்பிடியாகத் தமிழ் பேசுவார். சொல் கிடைக்காவிட்டால் நின்று தேடி எடுத்துப் பேசுவார். அப்படிப்பட்டவரிடம் கோபித்துக்கொள்ளவும் மனம் வராது.

அந்த ட்ராக் ஒன்பது நிமிடம் ஓடும். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் பெய்த மழையை நினைத்துப் போட்டது. 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது. மாகாணம் முழுக்க 400 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் மண்மேடு சரிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ட்ராக், ஒலியைத் திருப்பித் திருப்பி எதிரொலிக்கும் டிலே பெடலில் சொட்டுச் சொட்டாக ஆரம்பிக்கும். கடைசி இரண்டு நிமிடத்தில், கிட்டாரைக் கரகரவென்று இரைய வைக்கும் டிஸ்டார்ஷன் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும்.

“அந்தக் கடைசிப் பகுதிக்குமா அக்கா தூங்கறாங்க?”

“அது வர்றதுக்கு முன்னாடி வால்யூமைக் குறைச்சிடுவேன் தம்பி. ஜனங்க பயந்துக்கறாங்க.”

சரி. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம், இரண்டு தெரு தள்ளி இருக்கும் மாமா வீடு. உறவு ஒன்றும் இல்லை. இங்கே வயதில் மூத்த ஆண்கள் எல்லாருமே ‘அங்கிள்’, எனக்கு அது வாயில் வராததால் மாமா. டர்பன் நகரசபையின் இந்தியத் தொழிலாளர்கள் இருந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் பிறந்து, 1960களில் குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்து நடப்பட்டவர். வாலிபத்தில் கல்யாண வீடுகளில் கிட்டார் வாசித்தார். அவருடைய பாடப்புத்தகம் ஷேடோஸ் என்ற இங்கிலாந்துக் கிட்டார் குழு. 1960ல் வந்த ‘அபாச்சி’யை ரெக்கார்டு தேயத் தேயக் கேட்டு விரலில் ஏற்றியிருக்கிறார்.

“எங்க செட்டுல பாட ஆள் இல்ல தம்பி. அதனால கிட்டாரே பாடுச்சு” என்பார்.

இன்ஸ்ட்ருமென்டல் ராக் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. சொல் இல்லாத இசை நமக்கு ஒன்றும் புதிதில்லை. சாமி புறப்பாட்டில் நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிக்கிறார்களே, அதற்குச் சாகித்தியம் உண்டா? கம்பீரநாட்டையில் தவிலோடு அது இடித்துக்கொண்டு வரும்போது குழந்தைகள் அழும், பெரியவர்கள் நிமிர்வார்கள், யாரும் தூங்கமாட்டார்கள். நான் கேட்ட முதல் இன்ஸ்ட்ருமென்டல் ராக் மல்லாரிதான் என்று மாமாவிடம் சொன்னால் சிரிப்பார். ஆனால் மறுத்ததில்லை.

மாமாவின் அலமாரியில் மைக் ஓல்ட்ஃபீல்டின் ‘டியூபுலர் பெல்ஸ்’ எல்பி இருக்கிறது. 1973 மே மாதம் வெளிவந்தது. வர்ஜின் கம்பெனி வெளியிட்ட முதல் ஆல்பமே அதுதான். ஓல்ட்ஃபீல்ட் பதிவை ஆரம்பித்தபோது அவருக்கு 19 வயது. ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவில் உட்கார்ந்து, கிட்டார், பேஸ், பியானோ, ஆர்கன், மணிக்குழாய் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் தானே வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பக்கத்துக்கு ஒரே உருப்படி, இரண்டு பக்கம், அவ்வளவுதான் ஆல்பம். ‘தி எக்ஸார்சிஸ்ட்’ படத்தில் அதன் ஆரம்பத்தை எடுத்துப் போட்ட பிறகு உலகம் முழுக்க அது பேய்ப் படத்தின் மெட்டாகிவிட்டது.

அந்த ஆரம்பத்தில் ஏதோ ஒன்று இடறும். பதினாறில் ஒரு எண்ணிக்கையைக் குறைத்து அவர் பதினைந்தாக வைத்திருப்பதுதான் காரணம். மாமா தொடையில் தட்டிக் காண்பித்தார்: “தகிட தகதிமி, தகதிமி தகதிமி. எண்ணிப் பாரு.” பதினைந்து. தாளம் முடிகிற இடத்தில் கால் வைக்கப் போகும்போது படி இருக்காது. அடுத்த சுற்று அதற்குள் ஆரம்பித்திருக்கும். இரண்டாவது பக்கத்தில் ஒரு கட்டத்தில் குகை மனிதன் மாதிரி கத்தல் வேறு. அக்காவின் வகுப்பில் அதைப் போட்டால் கூட்டம் கலைந்து ஓடும்.

இதே ஆல்பத்தின் சிடியை, நான் டர்பனுக்கு வந்த புதிதில் ஒரு மால் கடையில் பார்த்தேன். ராக் வரிசையில் இல்லை. ஒரு பக்கம் திமிங்கிலச் சத்தம், இன்னொரு பக்கம் மசாஜுக்கான புல்லாங்குழல், நடுவே ஓல்ட்ஃபீல்ட். அலமாரித் தட்டுக்கு மேலே ‘நியூ ஏஜ்’ என்று எழுதியிருந்தது.

புது யுகம். பெயரே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கேட்பவரின் பதற்றத்தைத் தணிப்பதற்கென்று, தியானத்துக்கும் சிகிச்சைக்கும் என்று சொல்லியே செய்யப்படும் இசை. 1975ல் ஸ்டீவன் ஹால்பர்ன் வெளியிட்ட ‘ஸ்பெக்ட்ரம் சூட்’டை அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். ராக் ஆட்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பது வழக்கம். நானும் சுளித்தேன். ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் சுளிக்க நமக்கு அவ்வளவு உரிமை இல்லை என்று தெரிகிறது.

1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. உட்ஸ்டாக். அந்த மாபெரும் ராக் திருவிழாவின் முதல் நாளில், காவி உடுத்திய ஒருவர் மேடையில் உட்கார்ந்து கூட்டத்தை வாழ்த்திப் பேசினார். சுவாமி சச்சிதானந்தா. கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்துக்காரர். அவருடைய குரு சிவானந்தர் எங்கள் பத்தமடையில் பிறந்தவர். எங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன், எங்கள் ஊருக்கும் பத்தமடைக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். பாய்க்குப் பெயர் போன ஊர். அந்தச் சிவானந்தரின் பெயரில் டர்பன் ரிசர்வாயர் ஹில்ஸில் ஓர் ஆசிரமமும் இருக்கிறது. அக்கா விரிக்கிற யோகா பாயைச் சுருட்டிக்கொண்டே போனால் பத்தமடையில் போய் முடியும் என்று நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

சச்சிதானந்தா பேசியதற்கு அடுத்த நாள், அதே மேடையில் கார்லோஸ் சந்தானாவின் குழு ‘சோல் சாக்ரிஃபைஸ்’ வாசித்தது. சொல்லே இல்லாத உருப்படி. முதல் ஆல்பம்கூட அப்போது வெளிவரவில்லை. டிரம்ஸில் மைக்கேல் ஷ்ரீவ், 20 வயது. மைதானத்தைத் தூக்கி நிறுத்திய தனி ஆவர்த்தனம் அது. சாமியாரும் கிட்டாரும் ஒரே சேற்றில் நின்றார்கள் என்பதுதான் இங்கே விஷயம். இதற்குப் பிறகு சந்தானாவும் ஜான் மெக்லாஃப்லினும் ஸ்ரீ சின்மோய் என்ற ஆன்மிக குருவின் சீடர்களாகி, 1973ல் இரண்டு கிட்டார்களும் தீப்பொறி பறக்க ஓர் ஆல்பம் செய்தார்கள். அடுத்த வருடம் சந்தானா, ஆலிஸ் கோல்ட்ரேனோடு சேர்ந்து இன்னொன்று செய்தார். 1971ல் ஓர் ஆல்பத்துக்குச் சச்சிதானந்தாவின் பெயரையே வைத்த ஜாஸ் மேதை இந்த ஆலிஸ்தான். இதெல்லாம் ராக்கா, ஜாஸா, பக்தியா? அன்றைக்கு யாரும் பிரித்துக் கேட்டதாகத் தெரியவில்லை. ராக்கும் நியூ ஏஜும் ஒரு தாய்ப் பிள்ளைகள். பின்னால்தான் பாகப்பிரிவினை வந்தது.

ஜெர்மனிப் பக்கம் இன்னும் வேடிக்கை. டேஞ்சரின் ட்ரீம் குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த க்ளாஸ் ஷூல்ட்ஸ், குழுவை விட்டுப் போய், டிரம்ஸையும் விட்டு, சிந்தசைசர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரம் ஓடும் உருப்படிகள், அசைவதே தெரியாமல் அசையும். அவர் ஜப்பானின் ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்ட் என்ற ராக் குழுவின் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தார். அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த பையன்தான் கிடாரோ. 1980ல் ஜப்பானியத் தொலைக்காட்சியின் பட்டுப் பாதைத் தொடருக்கு இசையமைத்து நியூ ஏஜின் முகமாகவே ஆனவர். 1971ல் ராக்கில் ஆரம்பித்த டாய்ட்டர் என்ற இன்னொரு ஜெர்மானியர், புனே ஆசிரமத்துக்குப் போய் ரஜனீஷின் தியானங்களுக்கு இசை போட்டார். நம் உட்ஸ்டாக் ஷ்ரீவ் என்ன ஆனார்? 1984ல் அதே ஷூல்ட்ஸுடன் சேர்ந்து ஒரு மின்னணு ஆல்பம் வெளியிட்டார். ஆக, ஒருவர் விடாமல் அடுத்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

ஸ்டீவ் ஹில்லேஜை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கோங் குழுவின் கிட்டார்காரர். 1979ல், பங்க் ராக் எல்லாரையும் கேலி செய்துகொண்டிருந்த சமயத்தில், லண்டன் ஒலிம்பியாவில் நடந்த உடல்-மனம்-ஆன்மா விழாவின் கூடாரத்துக்காக ‘ரெயின்போ டோம் மியூசிக்’ செய்தார். யாரும் தள்ளவில்லை, தானாகப் போனார். பத்து வருடம் கழித்து, ஆர்ப் குழுவின் அலெக்ஸ் பேட்டர்சன் ஒரு நடன அரங்கின் ஓய்வறையில் அதே ரெக்கார்டைப் போட்டுக்கொண்டிருக்க, ஹில்லேஜ் போய் ‘அது நான் செய்தது’ என்று அறிமுகம் செய்துகொண்டாராம். வெட்கப்படாதவருக்கு இரண்டாவது வாழ்க்கையும் கிடைத்தது.

மற்றவர்கள் வெட்கப்பட்டார்கள். ஏன் என்பதற்குக் கடைக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கே.எம்.இ.டி. என்று ஒரு புகழ்பெற்ற ராக் வானொலி. 1987 பிப்ரவரி 14 நண்பகலில் அது ‘தி வேவ்’ என்று பெயர் மாறியது. அறிவிப்பாளர்களே கிடையாது, மென்மையான ஜாஸும் நியூ ஏஜும் மட்டும். அதே மாதம், பத்து நாள் கழித்து, கிராமி விழாவில் முதன்முறையாக நியூ ஏஜுக்கென்று ஒரு பரிசு. வாங்கியவர் ஸ்விட்சர்லாந்தின் மின்யாழ்க்காரர் ஆண்ட்ரியாஸ் ஃபோலன்வைடர். அடுத்த வருடம் பில்போர்டு பத்திரிகையும் நியூ ஏஜுக்கென்று ஒரு விற்பனைப் பட்டியல் ஆரம்பித்தது. அதாவது, சொல்லில்லாத நீள உருப்படிகளுக்கு ராக் வானொலியில் கதவு மூடிக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்தில் ஒரு வீடு காலியாகி ‘டு லெட்’ போர்டு தொங்கியது. ஓடிப்போய்க் குடியேறினார்கள். டேஞ்சரின் ட்ரீமிலிருந்து விலகிய பீட்டர் பாமன் நியூயார்க்கில் ப்ரைவேட் மியூசிக் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். அதில் சேர்ந்தவர்களைப் பாருங்கள்: ஃப்ராங்க் ஜாப்பாவிடம் பேஸ் வாசித்த பேட்ரிக் ஓஹெர்ன், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் வயலின் ஜெர்ரி குட்மன், ராக்ஸி மியூசிக்கிலிருந்த எடி ஜாப்சன், மினியாபொலிஸில் ஒரு ராக் குழுவில் கீபோர்டு தட்டிக்கொண்டிருந்த யானி. யெஸ் குழுவின் ரிக் வேக்மன்கூட 1986ல் தனியாகப் பியானோவோடு அந்தப் பக்கம் ஒதுங்கினார்.

குடியேறிய கையோடு வீட்டுக்காரனைத் திட்ட ஆரம்பித்தார்கள். மைக்கேல் ஹெட்ஜஸ் தன் கிட்டாரை ‘வன்முறை அகௌஸ்டிக்’ என்று சொல்லிக்கொண்டார். ஜார்ஜ் வின்ஸ்டன் தன்னுடையது நாட்டுப்புறப் பியானோ என்றார். டோர்ஸ் குழுவின் தீவிர ரசிகர் அவர், அவர்களுடைய பாடல்களை வைத்தே ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார். இருவரும் இருந்தது விண்ட்ஹாம் ஹில் கம்பெனியில். வில் ஆக்கர்மன் என்ற தச்சர், நண்பர்களிடம் ஆளுக்கு 5 டாலர் வாங்கி 1976ல் ஆரம்பித்தது. அந்தத் தட்டு இல்லாமல் ஹெட்ஜஸின் கிட்டார் எத்தனை வீட்டுக்குள் நுழைந்திருக்கும்? மாதாமாதம் வாடகைக்கு இருந்துகொண்டே ‘இது என் வீடு இல்லை, என் வீடு இல்லை’ என்று தெருவில் நின்று சொல்வது எனக்கு இப்போது கொஞ்சம் அற்பமாகப் படுகிறது. அதே சமயம், அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. 1984ல் வந்த ‘ஏரியல் பவுண்டரீஸ்’ கேட்டவர்களுக்குத் தெரியும். இரண்டு கையும் தந்தி மேலே தட்டித் தாவும், ஆறு தந்திக்குள் ஒரு முழு ராக் குழு ஒளிந்திருக்கும். அதற்குத் தூங்க வேண்டுமென்றால் நல்ல அசதி வேண்டும்.

அப்படியானால் கோடு எங்கேதான் இருக்கிறது? எனக்கு உதவியது பிரையன் ஈனோ, 1978ல் விமான நிலையங்களுக்கென்று செய்த ஆல்பத்தோடு எழுதிய குறிப்பு. கடைகளில் ஓடும் பின்னணி இசை, இசையிலிருந்து ஐயத்தையும் நிச்சயமின்மையையும் துடைத்து எடுத்துவிடுகிறது, தான் செய்வது அதை விட்டுவைக்கிறது என்பது அவர் வாதம். சத்தமா மென்மையா, வேகமா மெதுவா என்பதல்ல கேள்வி. உள்ளே ஐயம் மிச்சமிருக்கிறதா இல்லையா என்பதுதான். ஈனோவும் கிங் கிரிம்சனின் ராபர்ட் ஃப்ரிப்பும் இரண்டு ரீவாக்ஸ் டேப் ரெக்கார்டர்களுக்கு நடுவே ஒரே நாடாவை ஓடவிட்டு, ஒன்றில் பதிந்தது இன்னொன்றில் சில விநாடி கழித்துத் திரும்ப வரும்படி செய்து 1973ல் ஒரு ஆல்பம் போட்டார்கள். என் காலடியில் இருக்கும் லூப்பர் பெடல் அந்த இரண்டு ரெக்கார்டர்களின் பேரப்பிள்ளை. அதில் ஃப்ரிப்பின் கிட்டார் எவ்வளவு நீளமாக, எவ்வளவு அமைதியாக இழுத்தாலும் அடுத்து என்ன வரும் என்று சொல்ல முடியாது. எனக்குப் பிடிக்காத நியூ ஏஜ் ட்ராக்குகளில் முதல் பத்து விநாடியிலேயே கடைசி விநாடி தெரிந்துவிடும். நாலு நிமிடம் ஆறுதல் சொல்லும், எதற்கு ஆறுதல் என்று சொல்லாது.

இதைச் சொன்னபோது மாமா ஒத்துக்கொள்ளவில்லை. “தூக்கம் வராதவனுக்கு உன் டவுட்டு எதுக்கு தம்பி?” என்றார். பதில் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இந்தச் சண்டை அவ்வளவு கூர்மையாக இல்லை. ஸ்டீவ் நியூமன், கிடோ பலோய், இயன் ஹெர்மன் மூவரும் சேர்ந்த டனானாஸ் குழுவை எந்தத் தட்டில் வைப்பது? கிட்டார், பேஸ், டிரம்ஸ், பெரும்பாலும் சொல் கிடையாது, மொசாம்பிக்கும் ஜோஹன்னஸ்பர்கும் கலந்து ஆடும். யெஸ் குழுவுக்குப் போன ஜோஹன்னஸ்பர்க்காரர் ட்ரெவர் ரேபின், பல வருடம் ஹாலிவுட் படங்களுக்கு இசையமைத்துவிட்டு 2012ல் முழுக்க வாத்தியத்தால் ஆன ‘ஜகரண்டா’வை வெளியிட்டார். தன் ஊர்த் தெருவில் பூக்கிற மரத்தின் பெயர். அப்புறம் புல்லாங்குழல்காரர் வவுட்டர் கெல்லர்மன். 2015ல் பெங்களூருவின் ரிக்கி கேஜோடு சேர்ந்து நியூ ஏஜ் கிராமி வாங்கினார். பத்து வருடம் கழித்து, 2025 பிப்ரவரியில், சென்னையில் வளர்ந்த சந்திரிகா டாண்டனோடும் ஜப்பானிய செல்லோ கலைஞர் எரு மாட்சுமோட்டோவோடும் ‘திரிவேணி’க்காக மறுபடி. இப்போது அந்தப் பரிசின் பெயரே நீண்டுவிட்டது: நியூ ஏஜ், ஆம்பியன்ட் அல்லது மந்திர ஓதல். தட்டில் இடம் போதாமல் அறையாக இடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

நடுவில் ரிக்கி கேஜ் இன்னொரு முறையும் வாங்கினார், ‘டிவைன் டைட்ஸ்’ ஆல்பத்துக்கு. கூட வாங்கியவர் ஸ்டூவர்ட் கோப்லண்ட். ‘தி போலீஸ்’ என்ற ராக் குழுவின் டிரம்மர். ராக் உலகத்தில் அவரைவிடப் பதற்றமாக ஹை-ஹேட் தட்டுகிறவர் யாரும் இல்லை, அவருக்கு அமைதி இசைக்கான பரிசு. எனக்கு அந்த ஆல்பத்தில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனால் தேதி மறக்கவில்லை: 2022 ஏப்ரல் 3. தெய்வீக அலைகளுக்குக் கிராமி கொடுத்து எட்டு நாள் கழித்து எங்கள் ஊரில் தண்ணீர் வந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்காவின் வகுப்புக்குப் போனேன். பதினைந்து பேர் இருப்பார்கள், பாதிக்கு மேல் பாட்டி வயது ஆயாக்கள். குனிந்து நிமிர்ந்ததில் என் முதுகு கழன்றது வேறு கதை. கடைசியில் எல்லாரும் மல்லாந்து படுத்தார்கள். என் ட்ராக் ஆரம்பித்தது. நான் படுத்தபடி, கோபத்தோடு, எங்கே குறைப்பார் என்று காத்திருந்தேன். முன்கூட்டியே அக்காவிடம் கேட்டிருந்தேன், இன்றைக்கு மட்டும் முழுசாக விடுங்கள் என்று. சரி என்றிருந்தார். பக்கத்தில் யாரோ மெல்லக் குறட்டை விட்டார்கள்.

ஏழாவது நிமிடம் டிஸ்டார்ஷன் வந்தது. மண்டபத்துத் தகரக் கூரையில் அது மோதியபோது நான் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. இரண்டு பேர் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் என்னை முறைத்தார். என் வலது பக்கம் படுத்திருந்த ஆயா கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

“மழை வருதா?”

“இல்ல ஆயா, பாட்டு” என்றேன்.

“துணி காயப் போட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டு அப்படியே படுத்திருந்தார். ட்ராக் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அக்கா, அடுத்த வாரத்திலிருந்து பழையபடி குறைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அவர் கையால் குறைத்தால் திடீரென்று நின்றுவிடுகிறதாம். அன்று ராத்திரி உட்கார்ந்து ஏழு நிமிடத்தில் மெல்ல அடங்குகிற மாதிரி ஒரு பிரதியைச் செய்து அனுப்பினேன். அதைத் தனியாகத் தளத்தில் ஏற்றும்போது வகை என்ன என்று கேட்டது. முழு ட்ராக்குக்கு ராக் என்று போட்டிருந்தேன். இதற்கு நியூ ஏஜ் என்று தட்டிவிட்டு, மாமாவுக்கு மட்டும் சொல்லவில்லை.